தமிழ்நாட்டில் சிறார் நீதிச் சீர்திருத்தம்

குற்றச் செயலில் சிக்கிய, 18 வயது நிறையாத சிறாரைச் சிறைக்கு அனுப்பாமல், படிப்பும் தொழிற்பயிற்சியும் உளவியல் ஆலோசனையும் தந்து குடும்பத்துடன் மீண்டும் சேர்ப்பதற்குச் சட்டத்திலும் நிர்வாகத்திலும் செய்யப்பட்டுவரும் மாற்றங்களின் தொகுப்பு.

வரலாறு

1887இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. சிறாருக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று 1919–20ஆம் ஆண்டின் இந்தியச் சிறைகள் குழு பரிந்துரைத்தது. அதையொட்டி 1920இல் சென்னை மாகாணம் நாட்டிலேயே முதலாவதாகச் சிறார் சட்டம் இயற்றியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. 16 முதல் 21 வயது வரையிலான இளங்குற்றவாளிகளைச் சீர்திருத்தும் பார்ஸ்டல் பள்ளிகளுக்கான சட்டம் 1925இல் வந்தது.

1986ஆம் ஆண்டின் மத்தியச் சிறார் நீதிச் சட்டம் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என வயது வரம்பு வைத்தது; 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 ஆக்கியது. ஒரு சிறுவனும் ஈடுபட்ட 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பின் எழுந்த கோபத்தில் உருவான 2015ஆம் ஆண்டுச் சட்டம், 16–18 வயதினர் மீதான கொடுங்குற்ற வழக்குகளை, பெரியவர்களைப் போலவே விசாரிப்பதற்காகக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்ற இடமளித்தது. அப்போதும் மரண தண்டனையோ விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது.

நடைமுறை

கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் ஒரு சிறுவன் திருட்டு வழக்கில் பிடிபட்டால், அவனை லாக்கப்பில் வைக்கவோ கைவிலங்கு மாட்டவோ கூடாது. காவல் நிலையத்தின் குழந்தைகள் நல அலுவலர் அவனை 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பர்; அந்த இருவரில் ஒருவராவது பெண். விசாரணை அறையில் உயர்ந்த மேடையோ சாட்சிக் கூண்டோ இருக்கக் கூடாது. வயதில் ஐயம் எழுந்தால் முதலில் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ பார்ப்பர். எந்தச் சான்றும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

பிணையில் விடுவதே பொது விதி. விட்டால் அவனுக்கே ஆபத்து, தவறானவர்களோடு சேர்வான், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று குழுமம் கருதினால் மட்டுமே விசாரணைக் காலத்தில் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பலாம். கோவையில் இவ்வில்லம் அவிநாசி சாலையில், லட்சுமி மில்ஸ் அருகே உள்ளது. குற்றம் உறுதியானால் அறிவுரை சொல்லி அனுப்புவது, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல வழிகள் உண்டு. கடைசி வழியான சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்றாண்டு வைக்கலாம். சிறாரின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

சிக்கல்களும் பரிந்துரைகளும்

சட்டம் மாறிய வேகத்தில் இல்லங்களின் உள்நிலை மாறவில்லை. 2022 டிசம்பர் இறுதியில், திருட்டு வழக்கில் செங்கல்பட்டு அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் சில நாள்களில் இறந்தான். அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் ஆறு பேர் கைதாயினர். இதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2023 நவம்பரில் அறிக்கை அளித்தது. இல்லங்களை நிர்வகிக்கத் தனி இயக்ககம், வயதுவாரியாகத் தனித்தனி இல்லங்கள் ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். சிறாரைப் பெரியவர்களிடமிருந்து பிரிப்பதில் தொடங்கிய சீர்திருத்தம், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களின் தேர்வு, பயிற்சி, கண்காணிப்பு ஆகியவற்றை நோக்கி இப்போது நகர்ந்திருக்கிறது.