ஈரம் விடுவதும் ஈரம் குடிப்பதும்

எண்ணெய்த் தொட்டிகளுக்கும் குழாய்த் தாங்கிகளுக்கும் துருத் தடுப்பாக அடிக்கும் சிங்க் சிலிக்கேட் பிரைமரில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீரில் கரைந்த பொட்டாசியம் சிலிக்கேட்டால் ஆனது. மற்றது கரைப்பானில் கலந்த எத்தில் சிலிக்கேட்டால் ஆனது. இரண்டிலும் துத்தநாகத் தூளுக்கே பெரும்பங்கு. இறுகிய பிறகு 60, 70 மைக்ரான் கனமுள்ள அந்தச் சாம்பல் படலத்தைப் பார்த்து, எது எந்த வகை என்று அனுபவசாலி மேற்பார்வையாளரும் சொல்லத் திணறுவார். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பது இரண்டிலும் ஒன்றே. 400 டிகிரி வரை வெப்பம் தாங்குவதும் ஒன்றே.

இறுகும் வழியில்தான் இவை எதிரெதிராகப் போகின்றன. தண்ணீர் வகை தன் நீரைக் காற்றுக்கு விட்டால்தான் கெட்டிப்படும். எத்தில் வகையோ காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டிப்படும். குடித்ததற்குப் பதிலாக எத்தனாலை வெளிவிடும். அதோடு கரைப்பானையும் சேர்த்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 500 கிராம் ஆவி. தண்ணீர் வகையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சுழியம்.

ஆவி குறைந்தது புதியது, நெடி அடிப்பது பழையது என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது தலைகீழ். ஆஸ்திரேலியாவில் 1944இல் முடிந்த மோர்கன்–வயாலா குடிநீர்க் குழாய்க்கு விக்டர் நைட்டிங்கேல் கண்ட சிங்க் சிலிக்கேட் நீரில் கலந்ததுதான். அடித்தபின் அதைச் சூடேற்ற வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் வேண்டாமென்று பின்னால் வந்த வசதிதான் எத்தில் வகை. 1980களில் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பித்தபோது உள்ளே இருந்த இரும்புச் சட்டகத்துக்கு நாசா உருவாக்கிய பொட்டாசியம் சிலிக்கேட் பூச்சை அடித்தார்கள். மூத்தது திரும்பி வந்தது, இம்முறை சூடேற்றாமலே.

மும்பையின் செம்பூரில் எது நிற்கும்? ஜூலையில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும்போது தண்ணீர் வகை உலராமல் கிடக்கும். ஒரு தூறல் போதும், வழித்துக்கொண்டு போய்விடும். மேற்பரப்பு காய்ந்துவிட்ட எத்தில் வகைக்கு அதே தூறல் நல்லதே செய்யும். ஜனவரிப் பிற்பகலில் நிலைமை மாறும். ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எத்தில் வகை இறுகாமல் நிற்க, பெயிண்டர்கள் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். நாணயத்தால் சுரண்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம்: தூளாக உதிர்ந்தால் இன்னும் பச்சை, பளபளவென்று கோடு விழுந்தால் பக்குவம்.

மழைக்காலம் எத்தில் வகையின் பக்கம் என்று இதை வைத்து முடிவுகட்ட நான் தயங்குவேன். துகள் வீசித் துருநீக்கிய (பிளாஸ்டிங் செய்த) எஃகு அந்த ஈரத்தில் சில மணி நேரத்தில் சிவந்துவிடும். பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலைக்கு, 3 டிகிரியாவது மேலே எஃகின் வெப்பம் இருந்தாக வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் பொது. கடற்காற்றின் உப்பைக் கழுவாமல் அடித்தால் இரண்டுமே கொப்புளிக்கும். திறந்தவெளி வேலை எப்படியும் அக்டோபருக்குத் தள்ளிப்போகும் என்றால், எத்தில் வகையின் மழைக்காலச் சலுகையில் பாதி காகிதத்தோடு சரி.

ஆவியைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். செம்பூரை ஒட்டிய மாகுல் பகுதியின் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஆகஸ்டில் 4 நிறுவனங்களை மொத்தம் 286 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது எண்ணெயையும் ரசாயனத்தையும் சேமித்துக் கையாள்வதில் எழும் ஆவிக்காக, பெயிண்டுக்காக அல்ல. பெயிண்ட் சில நாள் மூச்சுவிட்டு ஓய்ந்துவிடும், தொட்டி வெயிலேறும் ஒவ்வொரு பகலும் விடும். அந்த மூச்சையும் பெயிண்டே குறைக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த திருப்பம். வெள்ளை டாப் கோட் வெயிலைத் திருப்பியனுப்ப, தொட்டி அவ்வளவாகச் சூடேறாது. உள்ளிருப்பதும் குறைவாகவே ஆவியாகும். ஆனால் தொட்டிக்குள் இறங்கி அடிப்பவனுக்கு இந்த ஒப்பீடெல்லாம் பயன்படாது. அவன் நுரையீரலுக்கு அந்தச் சில நாள்தான் கணக்கு.

அதே மும்பையின் மாட்டுங்காவில் உள்ள, 1933இல் தொடங்கிய ரசாயனத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் பெயிண்ட் ஒரு படிப்பு. தாராவியில் காலி பெயிண்ட் டின்களைச் சுத்தம் செய்து மறுவிற்பனைக்குத் தட்டி நிமிர்த்துவது ஒரு பிழைப்பு. எத்தில் வகையின் மிச்சம் அங்கே போனால் நெருப்புக்குப் பயப்பட வேண்டும். தண்ணீர் வகையின் மிச்சத்துக்கு அவ்வளவு நெருப்பு பயமில்லை. ஆனால் அது கடுங்காரம்; கையுறை போடாத கையை அரித்துவிடும்.