கொக்கானும் கரம் பலகையும்



அரசர்களின் போர்களுக்கும் ஆலயத் திருப்பணிகளுக்கும் நம்மிடம் சரித்திரம் உண்டு. வீட்டு விறாந்தையிலே பிள்ளைகளோடு கூடியிருந்து ஆடிய விளையாட்டுக்களுக்குச் சரித்திரம் எழுதியோர் மிகச் சிலரே. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் விரல்நுனித் திறமையை நம்பி ஆடப்பட்ட இரண்டு விளையாட்டுக்களைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். ஒன்று கொக்கான்; மற்றையது கரம்.

கொக்கான் வெட்டுவதற்கு வேண்டியவை ஐந்து கற்கள் மாத்திரமே. நெடுந்தீவுப் பிள்ளைகள் வேலி கட்டும் பவளக்கல்லின் சிறு துண்டுகளைப் பொறுக்கினர். ஏனைய தீவுகளிலே கடற்கரைக் கூழாங்கல் போதுமானது. ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருமுன் நிலத்திலிருப்பதை அள்ளிக்கொண்டு, எறிந்த கல்லையும் ஏந்த வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பின்னர் இரண்டிரண்டாக, அதன்பின் மூன்றும் ஒன்றும், ஈற்றில் நான்கும் ஒருசேர. பக்கத்துக் கல் அசைந்தால் ஆட்டம் அடுத்தவருக்கு. தமிழகத்தார் இதை ஐந்தாங்கல் என்பர்.

இதன் வேர் மிகப் பழையது. சங்க இலக்கியத்தில் வரும் கழங்கு இதற்கு உறவானது. கழங்கு என்பது கழற்சிக்காய். கழற்சி கடற்கரையோரத்திலே முட்கொடியாகப் படர்வது. வெறியாட்டில் வேலன் குறி பார்த்ததும் கழங்கைக் கொண்டே. பெண்கள் விளையாடியதும் கழங்கைக் கொண்டே. துறைமுகப் பட்டினத்து மாடங்களில் வாழ்ந்த மகளிர் பொன்னாற் செய்த கழங்கை மணலில் ஆடிய செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. நம் தீவுப் பெண்களிடம் பொன் இல்லை, மணல் இருந்தது. ஆட்டம் தொடர்ந்தது.

கரத்தின் கதை வேறு. அது வெளியிலிருந்து வந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் தென்னாசியாவில் இவ்விளையாட்டு பரவலாயிற்று. தமிழகத்தில் இதனைக் கேரம் என்பர். நாமோ கரம் என்றோம். கரம் என்றாற் கை அல்லவா? ஒலி தற்செயலாகப் பொருந்தியது, பொருளும் பொருந்திவிட்டது. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவிலே சிவப்பு ஒன்று. சிவப்பைக் குழியில் வீழ்த்தியவர் உடனே தம் காய் ஒன்றையும் வீழ்த்த வேண்டும். இல்லையேல் சிவப்பு மீண்டும் நடுவுக்கு வந்துவிடும். நால்வர் ஆடும்போது எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். இந்த விதிதான் குடும்பத்துக்கு வாய்த்த பெரும் பேறு என்று நான் கருதுகிறேன். தகப்பனும் மகளும் ஒரு கட்சி, தாயும் மகனும் மறு கட்சி என்று அமர வைத்த விளையாட்டு நம் வீடுகளில் வேறு எது இருந்தது?

தீவுப்பகுதி ஆண்களிற் பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டணங்களிலும் கடை நடத்தியவர்கள். ஆண்டில் ஒரு தடவையோ இரு தடவையோதான் ஊருக்கு வருவர். வேலணையில் எங்கள் வீட்டுக்குக் கரம்போட் வந்ததும் அவ்வாறே. ஐயா அதைச் சாக்கிலே சுற்றிப் புகையிரதத்திலும் பின்னர் பஸ்சிலும் கொண்டுவந்தார். அவர் நின்ற இரண்டு கிழமையும் இரவிலே அரிக்கன் லாம்பு பலகைக்கு மேலே தொங்கியது. மாமியின் முகப் பவுடர்தான் பலகைக்கும். அவ ஏசுவா, ஏசிவிட்டு ஒரு ஆட்டத்துக்கு இருப்பா. நான் அவசரப்பட்டு அடித்துக் காயைத் தவறவிடும்போது ஆச்சி சொல்லுவா: "விரலுக்குக் கோவம் வந்தாக் காய் கேக்காது மோனை."

ஐயா கடைக்குத் திரும்பியபின் பலகையின் ஒரு பக்கம் வெறுமையாகிவிடும். அந்தப் பக்கத்தில் ஆச்சி வந்து அமர்வா. கொக்கானில் பழகிய விரல் அவவுடையது. எங்களிற் பலரை வென்றுவிடுவா. கரம் வெளியிலிருந்து வந்த விளையாட்டென்றாலும், அதை ஆடிய கை கொக்கான் வளர்த்த கை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பின்னர் போர் வந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்களிற் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். துவிச்சக்கர வண்டியில் எதை ஏற்றுவது? பிறப்புப் பத்திரம், உறுதி, உடுப்பு, அரிசி. ஆடுபரப்பு மாத்திரமே இருபத்தொன்பது அங்குலச் சதுரமான பலகையை யார் ஏற்றுவார்? எங்களுடையது சுவரிற் சாய்த்தபடியே நின்றது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத அவ்வாண்டுகளில், ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெயைத் துளித்துளியாய் ஊற்றிய காலத்தில், அடைக்கலம் புகுந்த வீட்டுத் திண்ணையிலே பெண்பிள்ளைகள் பகல் வெளிச்சத்திற் கொக்கான் வெட்டினார்கள். தீவிலிருந்து கல் கொண்டுவர வேண்டியதில்லை. ஆட்டம் கையோடு வந்திருந்தது.

சென்னையில் 1988இல் சர்வதேச கரம் சம்மேளனம் அமைந்தது. 1991இல் டில்லியில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலும், 1995இல் கொழும்பில் நடந்த இரண்டாவது போட்டியிலும் தமிழகத்தைச் சேர்ந்த மரிய இருதயம் வெற்றிபெற்றார். 2012இல் மீண்டும் கொழும்பிலே நடந்தபோது நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ உலக வெற்றியாளரானார். இவையெல்லாம் ஏட்டில் உள்ளன. ஆனால் அதே 1995இன் ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கி நடந்தது. தீவுகளிலிருந்து முன்னரே வந்தவர்கள் இரண்டாம் முறையாக நடந்தார்கள். அன்று வீடுகளில் விடுபட்டுப் போன பலகைகளுக்குக் கணக்கில்லை.

இன்று தீவுகளுக்குத் திரும்பியோர் உளர். ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் வேர்கொண்டோர் அதனினும் பலர். கரம்போட் அங்கே கடையில் வாங்கக் கிடைக்கும். விதியும் அச்சிற் கிடைக்கும். அதைப் பற்றிக் கவலையில்லை. என் கவலை கொக்கானைப் பற்றியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெண்கள் சொல்லிய எண்ணுப்பாட்டு தீவுக்குத் தீவு, சில வேளை ஒழுங்கைக்கு ஒழுங்கை வேறுபட்டது. அது கையால் கற்பித்து வாயால் கைமாறியது. பெரும்பாணாற்றுப்படைப் புலவர் ஒருவர் கண்டு எழுதியதனாலே பொற்கழங்கை நாம் அறிகிறோம். நயினாதீவிலும் அனலைதீவிலும் நம் ஆச்சிமார் ஆடியதை யார் எழுதி வைத்தார்?

ஆதலின் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் இருந்தால், ஐந்து கற்களை அவர் முன் வையுங்கள். பேரப்பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள். அவர் சொல்லும் எண்ணுப்பாட்டைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்கள்.