சிங்கி பெற்ற சிலம்பு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்தின் பெயர் குறவஞ்சி மேடு. புலவர் பெற்ற பரிசு ஊரில் இடப்பெயராகவே நின்றுவிட்டது.

அதே நூலுக்குள் ஒருத்தியும் பரிசு பெறுகிறாள். ஊர் ஊராகக் குறி சொல்லிவிட்டு வரும் சிங்கியை, சொல்லாமல் எங்கே போனாய் என்று மறிக்கிறான் சிங்கன். அவள் காலில் கிடக்கும் சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது. பாடகம் நாங்கூழாக நெளிகிறது. சிங்கி பதறவில்லை. சிலம்பு சேலத்தில் வாங்கியது, தண்டை கோலத்து நாட்டார் தந்தது, காலாழி கண்டி தேசத்தில் பெற்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஊர் சொல்கிறாள். இதை நகைச்சுவை என்று சொல்லித்தான் எனக்கு நடத்தினார்கள். நானும் பல வருடம் அப்படியே நடத்தினேன்.

அந்தப் பட்டியலில் ஒரு நகையிடம் மட்டும் நான் நின்றுவிடுவேன். செத்த தவளை என்று சிங்கன் சொல்வது, குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் கொடுத்த கெச்சம். ஆடும் பெண்கள் பாடும் பெண்ணுக்குச் செய்த மரியாதை அது.

குறவஞ்சி நாடகங்களைக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காத்தவர்கள் தேவதாசிகள். 1944இல் ருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகமாக்கினார். 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தச் சட்டம் வேண்டியதுதான். முத்துலட்சுமி ரெட்டியின் நெடும் போராட்டத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பொட்டோடு சேர்த்து ஆட்டமும் அந்தப் பெண்களின் கையைவிட்டுப் போனது. பாட்டு சபாக்களுக்குப் போனது, பதினோராம் வகுப்புப் பாடநூலுக்கும் வந்தது. கெச்சம் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள் மேடையில் இல்லை.

வகுப்பில் ஒருமுறை, பீடி சுற்றும் அம்மாவின் மகள் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அவ சம்பாதிச்சதுக்கு அவன் எதுக்கு மேடம் கணக்கு கேக்கான்?"

பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று மாலை வீடு திரும்பத் தாமதமாகிவிட்டது. வாசலில் எனக்காகவும் அதே கேள்வி காத்திருந்தது. குறவஞ்சி மேட்டுக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. சிங்கிதான் முந்நூறு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.