குவார்ட்ஸ்

குவார்ட்ஸ் சிலிக்கான் டை ஆக்சைடால் (சிலிக்கா) ஆன பாறைக் கனிமம். கண்டங்களின் மேலோட்டில் ஃபெல்ட்ஸ்பாருக்கு அடுத்தபடியாக மிகுந்து கிடைப்பது இதுதான். இதன் வெள்ளைக் கட்டிகளைத் தமிழ்நாட்டில் வெங்கச்சங்கல் என்பர். மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 7, கண்ணாடியைக் கீறும். ஒப்படர்த்தி 2.65. பிளவுத்தளம் கிடையாது, உடைத்தால் கண்ணாடிச் சில்லைப் போல வளைந்த பரப்புகள் தெரியும். தூய நிலையில் நிறமற்றது. சிறிதளவு இரும்பு கலந்து, இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதாநிறச் செவ்வந்திக்கல் ஆகிறது.

குவார்ட்ஸ் இல்லாத களிமண் அரிது. கிரானைட் சிதையும்போது ஃபெல்ட்ஸ்பார் கயோலின் என்ற களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸோ அப்படியே மிஞ்சும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் கயோலினை நீரால் கழுவி எடுத்தபின் ஒதுக்கப்பட்ட குவார்ட்ஸ் மணல் குன்றுகளாகவே நிற்கிறது. ஆற்று வண்டலிலும் மணலாகவும் நுண்துகளாகவும் இது கலந்திருக்கும். ஈரத்தில் குழையாத இத்துகள்கள், மண் உலரும்போது சுருங்குவதைக் குறைக்கின்றன. அளவு மிஞ்சினால் மண்ணுக்குப் பிடிப்புப் போய்விடும்.

இதன் உண்மையான குணம் களிமண் கலங்களைச் சுடும் சூளையில்தான் வெளிப்படும். 573 டிகிரி செல்சியஸில் ஆல்ஃபா குவார்ட்ஸ் பீட்டா வடிவத்துக்கு மாறுவதை பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே 1889இல் கண்டறிந்தார். அணுப் பிணைப்புகள் அறுவதில்லை, அவற்றின் கோணங்கள் மட்டுமே சற்றுத் திரும்புகின்றன. ஆகவே மாற்றம் நொடியில் நடந்து, ஆறும்போது அப்படியே மீள்கிறது. ஆனாலும் கன அளவு சட்டென மாறுகிறது. ஏறும் சூட்டில் மண் இன்னும் நுண்துளைகளோடு நெகிழ்வாக இருப்பதால் ஆபத்து குறைவு. ஆறும்போது கலம் இறுகிவிட்டிருக்கும். அந்த வேளையில் சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல் விழும். உயர்சூட்டில் நெடுநேரம் வைத்த கலங்களில் குவார்ட்ஸின் ஒரு பகுதி சிலிக்காவின் மற்றொரு வடிவமான கிறிஸ்டோபலைட்டாக மாறலாம். அது ஆறும்போது ஏறத்தாழ 220 டிகிரியில் இன்னும் பெரிதாகச் சுருங்கும், வீட்டு அடுப்பின் சூட்டளவுதான் அது.

இதற்காகக் குவார்ட்ஸைக் குறைத்துவிடவும் முடியாது. ஆறும்போது கலம் மேல்பூச்சைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கினால்தான் பூச்சு அழுத்தத்தில் இருந்து வெடிக்காமல் நிற்கும்; அந்தச் சுருக்கத்தைத் தருவது பெரும்பாலும் குவார்ட்ஸ்தான்.

களிமண்ணை எக்ஸ் கதிரால் ஆராய்வோருக்கு 3.34 ஆங்ஸ்ட்ராமில் எழும் இதன் வலுவான கோடு நல்ல அடையாளம். இல்லைட் என்ற களிக்கனிமத்தின் ஒரு கோடும் ஏறக்குறைய அதே இடத்தில் விழுவதால், அந்த ஒன்றை மட்டும் நம்பி அளவு சொல்வது சரியாகாது.

மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் குவார்ட்ஸ் நுண்துகள் சிலிகோசிஸ் நோய் தரும். படிகச் சிலிக்காத் தூசியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. அதனால் களிமண் பட்டறைகளில் காய்ந்த தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பதே முறை.