காட்டுச் சிலந்தியும் தோப்புச் சிலந்தியும்

நீல மரச்சிலந்தியை 1899-இல் விலங்கியலாளர் ரெஜினால்ட் போகாக் உலகுக்கு அறிவித்தார். அது அகப்பட்டது ஆந்திரத்தின் குத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்கில். பிறகு நூறாண்டு யார் கண்ணிலும் படவில்லை. குத்தி அதன் ஊரே அல்ல. வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும். 2001-இல் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மீண்டும் தென்பட்டது.

அதன் பங்காளி ராமேஸ்வரத்தில் இருக்கிறது. கண்டறிந்த அனுமவிலாசம் கோயில் தோப்பின் பெயரையே 2004-இல் அதற்கு அறிவியல் பெயராகச் சூட்டினார்கள். இரண்டுமே பகலில் மரப்பொந்தில் பதுங்கி, இருட்டியபின் வெளியே வந்து பூச்சி பிடிப்பவை. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டு; எவரும் இறந்ததாகப் பதிவில்லை. இரண்டும் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-இல் அறிவித்தது.

ஆனால் ஆபத்து ஒரே வழியில் வரவில்லை. ஆந்திரச் சிலந்திக்கு அதன் நிறமே பகை. சாயத்தால் வந்த நீலமல்ல அது. உடல் மயிர்களின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரிவது. அந்த அழகுக்காகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கிறார்கள், குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். அங்கே ஆயிரம் பெருகினாலும் நந்தியால் காட்டில் ஒன்றுகூட அதிகரிக்காது. அந்தக் காட்டில் விறகுக்கும் தடிக்கும் முதிர்ந்த மரங்கள் சாய்கின்றன. பொந்து விழுவதோ முதிர்ந்த மரத்தில்தான். 2019-இல் இவ்விரண்டும் அடங்கும் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது நல்ல முடிவு. அது கடத்தலைத் தடுக்கலாம், கோடரியைத் தடுக்காது.

ராமேஸ்வரத்துச் சிலந்திக்கு அந்தக் கட்டுப்பாட்டால் இன்னும் குறைவான பயனே என்பது என் எண்ணம். அது வாழும் புளியந்தோப்பையும் தென்னந்தோப்பையும் காடென்று யாரும் எண்ணுவதில்லை. வீட்டுமனைக்காக நான்கு புளியமரம் வெட்டினால் அது செய்தியும் ஆகாது. இத்தனைக்கும் அதன் வாழிடம் மிகச் சிறியது. கடலுக்கு அக்கரையில், இலங்கையின் வட மாகாணத்தில் மன்னார்ப் பகுதியிலும் இதே இனம் இருப்பது 2015-இல் வெளியானது பெரிய ஆறுதல்.

நந்தியாலில் வனத்துறையோடு பேசினால் வேலை தொடங்கிவிடும். ராமேஸ்வரத்தில் கோயில் நிர்வாகத்தோடும் தோப்புக்காரர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும். பொந்துள்ள பழைய புளியமரங்களைக் கணக்கெடுத்து, அவற்றை மட்டுமாவது விட்டுவைக்கும்படி கேட்க வேண்டும்.