பத்து பவர் கண்ணாடி

இலவசக் கண் முகாமில் கொடுத்த பத்து பவர் கண்ணாடி செத்துப்போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரும் இரங்கல் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பாதி வசையாகத்தான் இருந்திருக்கும்.

கறுப்பு ஃபிரேம், நடுவில் புடைத்த தடிக் கண்ணாடி, நழுவி விழாமல் இருக்கப் பின்கழுத்தில் ஒரு கயிறு. ஊர் வைத்த பெயர் சோடாபுட்டி. அது மூக்கில் ஏறுவதற்கு முன் நடந்ததும் லேசானதல்ல. 'புரை நல்லா முத்தட்டும், அப்புறம் வாங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். முத்துவதற்குள் பார்வை அநேகமாகப் போயிருக்கும். பிறகு ஆட்டோவில் மைக் கட்டி முகாம் அறிவிப்பு வரும். பள்ளிக்கூட வகுப்பறைதான் ஆபரேஷன் தியேட்டர், பக்கத்து அறைகள் வார்டு. ஆபரேஷன் முடிந்தவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, தலையை அசைக்காமல், வரிசையாகப் பாயில் கிடப்பார்கள். இருமக்கூடாது, தும்மக்கூடாது.

அன்றைய முறையில் புரை பிடித்த லென்ஸை அதன் உறையோடு முழுசாக எடுத்துவிடுவார்கள். உள்ளே லென்ஸே இல்லாத கண்ணுக்கு அந்த வேலையை வெளியில் இருந்து செய்ய வந்ததுதான் இந்தக் கண்ணாடி. புண் ஆற ஒன்றரை மாதம் விட்டு மாட்டிவிடுவார்கள். தனித்தனியாக அளவு பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பத்து பவரை நீட்டிய முகாம்களும் உண்டு.

போட்டதும் பேரன் முகம் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் பொய் கிடையாது. ஆனால் அந்த முகம் கால்பங்குக்கு மேல் பெருத்து, பக்கத்தில் வந்து நிற்கும். டம்ளர் இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் ஒன்று. எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா காபி ஆற்றினால் முதல் ஆற்று தரைக்குத்தான் போகும். பிறகு டம்ளர் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றப் பழகிக்கொண்டார். கண்ணாடியின் ஓரத்தில் வட்டமாக ஒரு குருட்டு வளையம் வேறு. பக்கவாட்டில் வரும் சைக்கிள் அதற்குள் மறைந்திருந்து திடீரென்று எதிரே குதிக்கும். படி இறங்குவதற்குள் உயிர் போய்விடும். எங்களுக்கோ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உருண்டு திரளும் கண்கள் வேடிக்கை. சினிமாக்காரர்களுக்கும் அதில் சிரிப்புதான் கிடைத்தது.

உடைந்தால் கதை முடிந்தது. அடுத்த முகாம்வரை பழைய இருட்டுதான். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, திருவிழாவுக்கு மட்டும் எடுத்துப் போட்டவர்களும் இருந்தார்கள்.

இத்தனைக்கும் கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் புதுசல்ல. போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் உள்ளே சாதுவாகக் கிடந்ததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949-ல் லண்டனில் முதல் லென்ஸை வைத்துவிட்டார். 1980-களில் வசதியுள்ளவர்களுக்கு அது வழக்கமாகிவிட்டது. ஏழை நாட்டு முகாம்களுக்கு மட்டும் 'கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும்' என்றார்கள். இறக்குமதி லென்ஸ் நூறு டாலர் அளவில் விற்ற காலம், கணக்கு சரிதான். ஆனால் அந்தப் 'போதும்' என்ற சொல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தரையில் காபியைக் கொட்டியவர்கள் அதைச் சொல்லவில்லை.

அதை ஏற்காதவர்களில் ஒருவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களை அறுவைக்குப் பழக்கியவர். அரசு வேலையில் இருந்தபோதே தென் மாவட்டங்களில் முகாம் நடத்தினார். ஓய்வு பெற்ற பின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்தக் கண்ணாடியை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் அவர் பங்கு பெரியது. அதற்குக் குழி வெட்டியதிலும் அவர் பங்குண்டு. 1992-ல் அரவிந்தின் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கியது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பிறகு இன்னும் இறங்கியது. லென்ஸ் வைக்க நுண்ணோக்கியும் நல்ல தியேட்டரும் வேண்டும், அதனால் பள்ளிக்கூட அறுவையும் கூடவே ஒழிந்தது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும். ஆபரேஷன் தேவையானவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். காசு கட்டியவருக்கு ஏசி அறை, கட்டாதவருக்குப் பாய் என்ற வித்தியாசம் இருக்கலாம். உள்ளே போகும் லென்ஸால் இருவருக்கும் காபி டம்ளருக்குள்தான் விழுகிறது.

செத்தது என்றேனே, முழுக்கச் சாகவில்லை. பிறவியிலேயே புரையோடு வரும் குழந்தைகளில் ரொம்பச் சின்னவர்களுக்கு உடனே லென்ஸ் வைக்காமல் விடுவதுண்டு. கண் இன்னும் வளர வேண்டும். கண் ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவில் அதே தடிக் கண்ணாடி, பிஞ்சு மூக்குக்கு ஏற்ற அளவில், பின்தலையில் எலாஸ்டிக் பட்டையோடு இன்றும் நடமாடுகிறது. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு அளவெடுத்துச் செய்கிறார்கள், வளர வளர மாற்றியும் கொடுக்கிறார்கள்.