டீபக்கருக்குக் கண் கிடைத்த கதை

போன செமஸ்டர் ப்ராஜெக்டில் ஒரு இரவு முழுக்க வீணாய்ப் போனது. ஒரு சி பிளஸ் பிளஸ் மேப்பில் என்ன இருக்கிறது என்று ஜிடிபியிடம் கேட்டால் நிறம், இடது முகவரி, வலது முகவரி என்று எதையோ கொட்டியது. நான் போட்டு வைத்த மதிப்புகளை மட்டும் காணோம்! அந்தக் கணினியில் 'ப்ரிட்டி பிரிண்டர்' ஸ்கிரிப்டுகள் ஏற்றப்படவில்லை என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. அவை எங்கிருந்து வந்தன என்று தேடப்போய் எழுதியதே இந்தப் பதிவு.

1961-ல் எம்ஐடியில் பிடிபி-1 கணினிக்கு டிடிடி என்ற டீபக்கரை எழுதினார்கள். நினைவகத்தில் இருப்பதை எண்ணாகவோ இயந்திரக் கட்டளையாகவோ காட்டும். அன்றைக்கு அதுவே பெரிய விஷயம்.

1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிடிபியை எழுதினார். சி மொழியின் ஸ்ட்ரக்ட் ஒன்றை உறுப்புகளின் பெயரோடு அது காட்டும். லிங்க்டு லிஸ்ட் என்றால் பாயிண்டரைப் பிடித்துக்கொண்டு நாமே ஒவ்வொன்றாய்ப் போக வேண்டும்.

சிக்கல் பெரிதானது 1998-க்குப் பிறகு. அந்த ஆண்டு வந்த சி பிளஸ் பிளஸ் தரநிலையில் வெக்டர், மேப் எல்லாம் மொழியோடே சேர்ந்து வந்தன. ஜிசிசியின் மேப் உள்ளுக்குள் ஒரு சிவப்பு-கறுப்பு மரம். நமக்கு வேண்டியது மாணவர் பெயரும் மதிப்பெண்ணும். டீபக்கர் காட்டுவதோ மரத்தின் வேர்!

ஆளுக்கொரு வழி தேடினார்கள். 1990-களில் ஜெர்மனியில் உருவான டிடிடி (இது வேறு டிடிடி, 'டேட்டா டிஸ்ப்ளே டீபக்கர்') கட்டங்களும் அம்புக்குறிகளுமாகப் படம் வரைந்தது. சிலர் ஜிடிபியின் சொந்தக் கட்டளை மொழியில் மேக்ரோ எழுதினார்கள். இன்னும் சிலர் நிரலுக்குள்ளேயே ஒரு அச்சிடும் ஃபங்ஷன் எழுதி, அதை டீபக்கரிலிருந்து அழைத்தார்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை சரி. செத்து கோர் டம்ப் ஆகிவிட்டால்? பிணத்திடம் பேச்சு வாங்க முடியாதே.

விடை வந்தது 2009 அக்டோபரில், ஜிடிபி 7.0-வுடன். பைத்தானில் ஒரு சின்ன கிளாஸ் எழுதினால் போதும். ஒரு மெத்தட் தலைப்பு வரியைத் தரும், இன்னொன்று உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாய்த் தரும். நினைவகத்தைப் படிக்க மட்டுமே செய்யும்படி எழுதினால், செத்த நிரலின் கோர் டம்பிலும் வேலை செய்யும். வேடிக்கை என்னவென்றால், குனூ திட்டத்தின் சொந்த ஸ்கிரிப்ட் மொழியான கைல் ஜிடிபிக்குள் வந்தது 2014-ல்தான், 7.8 பதிப்பில்!

புது வசதியோடு புதுத் தொல்லையும் வந்தது. யாரோ கொடுத்த நிரலைத் திறந்தாலே அதோடு ஒட்டிய ஸ்கிரிப்ட் ஓடிவிடலாம் அல்லவா? அதனால்தான் 2012-ல் 7.5 பதிப்பு, நம்பகமான கோப்புறைகளில் இருப்பதை மட்டுமே தானாக ஏற்றும்படி மாறியது.

ஒன்று மறக்க வேண்டாம் நண்பர்களே. தொடக்க மதிப்பு பெறாத வெக்டரில் 'கோடிக்கணக்கான உறுப்புகள்' இருப்பதாக இதே ஸ்கிரிப்ட் கூசாமல் சொல்லும். சந்தேகம் வந்தால் ஸ்கிரிப்டை ஒதுக்கிவிட்டு, மூல வடிவத்தை ஒருமுறை பாருங்கள். என்னை ராத்திரி முழுக்கக் குழப்பிய அந்த முகவரிகள்தான் அப்போது கைகொடுக்கும் :-)